ஆடு குட்டியைச் சேர்க்கவில்லையா? மடியைத் தொட்டுப் பாருங்கள்

ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாதுமலை அடிவாரத்தில் என் சின்னம்மா வீடு. போன ஐப்பசியில் அங்கே ஒரு வெள்ளாட்டுக் குட்டி செத்துப்போனது. பிறந்து நான்காம் நாள். "நேத்து பொழுதோட கூட துள்ளிகினு இருந்துச்சுபா, ராத்திரில இன்னா ஆச்சோ" என்றார். பனி என்றார் ஒருவர், கழிச்சல் என்றார் இன்னொருவர், பக்கத்து வீட்டுப் பாட்டி கண்ணேறு என்று முடித்துவிட்டார். கூடப் பிறந்த இன்னொரு குட்டி முதுகைக் கூனிக்கொண்டு, வயிறு ஒட்டி, சுவரோரம் நின்றது. எல்லாரும் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தாய் ரெண்டு நாளா சேக்க மாட்டேங்குது" என்று சின்னம்மா போகிறபோக்கில் சொன்னார். அதில்தான் விஷயம் இருந்தது. தாயாட்டின் மடியில் கை வைத்தேன். இடப்பக்கம் பிசைந்த மாவு மாதிரி இளகி இருந்தது. வலப்பக்கம் கல். தொட்டதும் உதைத்தது. அந்தக் காம்பை அழுத்தியபோது வந்தது பால் இல்லை; மஞ்சள் நீரும் அதில் மிதக்கும் தயிர்த் துணுக்குகளும்.

வட ஆர்க்காட்டில் ஆட்டு மடிநோய் இப்படித்தான் தெரியவருகிறது, பெரும்பாலும் ஒரு குட்டி போன பிறகு. குற்றம் ஆட்டில் இல்லை, நாம் ஆடு வைத்திருக்கும் விதத்தில். மாடு வைத்திருப்பவருக்கு மடி தினமும் இருவேளை கைக்கு வரும். பால் திரிந்திருந்தால் சொசைட்டியில் ஊற்றும்போதே காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளாட்டை இங்கே பாலுக்கென்று வைப்பவர்கள் குறைவு, கறிக்கும் தோலுக்கும்தான். 1989-இல் வட ஆர்க்காடு பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. கோடு எங்கே விழுந்தாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கமெல்லாம் தோல் தொழில் அப்படியேதான் இருக்கிறது. பதனிட வந்த ஆட்டுத்தோலைத் தடவியே அம்மைத் தழும்பையும் உண்ணி கடித்த இடத்தையும் சொல்லிவிடும் கைகள் இந்தப் பக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்போது அதே ஆட்டின் மடியைத் தடவத்தான் ஆளில்லை.

காட்பாடி, வேலூர் ஓரங்களில் தலைச்சேரி இன ஆடோ ஜமுனாபாரிக் கலப்போ வைத்துக்கொண்டு, வீட்டுக் குழந்தைக்கும் வயசானவருக்கும் ஆட்டுப்பால் கறப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆட்டுக்கும் இதே நோய்கள்தான் வருகின்றன. ஆனால் இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. மடியைப் பொறுத்தவரை இரண்டு நாள் என்பது பெரிய காலம்.

ஆட்டு மடி இரண்டு அறை உள்ள வீடு. நடுவில் சுவர், அறைக்கு ஒரு காம்பு. ஒரு பக்கத்துப் பால் மறுபக்கம் போகாது. அதனால்தான் ஒரு பக்கம் கெட்டாலும் மறுபக்கம் நன்றாகச் சுரக்கும். அதனால்தான் நாமும் ஏமாறுகிறோம். ஒரு குட்டி கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து, இன்னொன்று "சவலை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரட்டைக் குட்டிகள் பெரும்பாலும் ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்கின்றன. சவலைக் குட்டி பிடித்துக்கொண்டிருந்தது எந்தக் காம்பு என்று பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும்.

ஈன்ற அன்றே ஒரு சின்ன வேலை இருக்கிறது. சினைக்காலம் முழுக்க மூடிக் கிடந்த காம்புத் துளையில் மெழுகு மாதிரி ஓர் அடைப்பு இருக்கும். திடமான குட்டி உறிஞ்சியே அதை உடைத்துவிடும். எடை குறைவாகப் பிறந்த இரண்டாவது குட்டிக்கு அந்த பலம் இருக்காது. இரண்டு காம்பையும் சுத்தமான கையால் இரண்டு மூன்று முறை பீச்சிவிட்டால் வழி திறந்துகொள்ளும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆட்டுக்குட்டிக்குக் கருப்பையில் இருக்கும்போது தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சத்து வந்து சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான். ஒரு நாள் கடந்தால் குட்டியின் குடல் அதை ரத்தத்துக்குள் விடாது. முதல் நாளுக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு 200 மில்லி. அதில் முதல் வாய், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது. காம்பு அடைத்துக்கொண்டோ வலித்துக்கொண்டோ இருந்து அந்த நாள் தவறினால், பத்தாம் நாள் வரும் கழிச்சலுக்கும் சளிக்கும் காரணம் தேடி எங்கெங்கோ அலைவோம்.

"சேர்க்க மாட்டேங்குது" என்ற சொல்லுக்கு வருகிறேன். தலைச்சன் ஆடு சில சமயம் மிரண்டுபோய்க் குட்டியை ஒதுக்கும், உண்மைதான். ஆனால் முந்தாநாள் வரை நின்று ஊட்டவிட்ட ஆடு திடீரென்று உதைத்தால், பாசம் வற்றியதால் அல்ல, காம்பு வலிக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? கொம்பைப் பிடித்து, காலைக் கட்டி, குட்டியைப் பிடித்து அந்தக் காம்பிலேயே வைக்கிறோம். அதற்கு முன் ஆடு நிற்கும் நிலையைப் பார்க்க வேண்டும். ஒரு பின்னங்காலை அகட்டி வைக்கும். மேய்ச்சலில் பின்தங்கும். காலில் முள் என்று நினைத்துக் குளம்பைத் தேடுவோம்; மடியின் வீக்கம் தொடையில் உரசுவதால்தான் அந்த நொண்டல்.

எல்லா வீக்கமும் நோய் இல்லை. ஈனும் நாள் நெருங்கும்போது, முக்கியமாகத் தலைச்சன் ஆட்டுக்கு, மடி நீர்கோத்து உப்பும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும், கொதிக்காது, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல நிறையும், பால் பாலாகவே இருக்கும். சில நாளில் தானே வடியும். ஈன்ற புதிதில் பால் இளஞ்சிவப்பாக வருவதும் பல சமயம் மெல்லிய ரத்தக்குழாய் ஏதோ உடைந்ததால்தான். ஆடு தெம்பாக இருந்து, மடி சுடாமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. மடிநோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும். அந்தப் பக்கம் சுடும், இறுகும், பால் நிறமும் பதமும் மாறும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ விட்டுப் பார்த்தால் துணுக்குகள் பளிச்சென்று தெரியும்.

வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோயும் உண்டு. ஆட்டில் அதுதான் அதிகம். தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள்தான் பெரும்பாலும் காரணம். பால் வெள்ளையாகவே இருக்கும், அளவு மட்டும் குறையும், குட்டி மெல்ல இளைக்கும். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நூறு மில்லி தண்ணீரில் மூன்று கிராம் துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் விட்டுச் சுழற்ற வேண்டும். வழவழவென்று கஞ்சிப் பசை போலக் கட்டினால் அந்தப் பக்கம் கோளாறு. மாட்டுக்காரர்களுக்குப் பழகிய சோதனைதான். ஆட்டுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: பாலில் உள்ள செல்கள்தான் சோப்புக் கரைசலோடு சேர்ந்து பசையாகின்றன, மடி கெட்டால் அவை கூடும்; ஆட்டுப்பாலிலோ இயல்பாகவே அவை அதிகம். மடி சுரக்கும் விதமே மாட்டிலிருந்து வேறு. அமெரிக்காவில் பசும்பாலில் ஒரு மில்லிக்கு ஏழரை லட்சம் செல்கள் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஆட்டுப்பாலுக்கு 15 லட்சம் வரை. ஆகவே ஆட்டுப்பால் லேசாகப் பிசுபிசுப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம் ஓடி, ஒரு கிண்ணம் கட்டினால்தான் செய்தி. சீம்பால் நாள்களிலும், பால் வற்றப்போகும் நேரத்திலும் இரண்டுமே கட்டும். அப்போது இந்தச் சோதனையால் பயனில்லை.

நான் பார்த்ததிலேயே கொடுமையானது மடி கறுத்துப்போவது. காலையில் சுடும் மடி, மறுநாள் காலையில் சில்லென்று இருக்கும். சூடு தணிந்துவிட்டது என்று மனசு சந்தோஷப்படும் நேரம் அது. உண்மையில் அந்தப் பக்கத்துக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது. தோல் ஊதா நிறமாகி, நீலமாகி, கறுக்கும். உயிருள்ள தோலுக்கும் செத்த தோலுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை தெரியும். காம்பை அழுத்தினால் சிவந்த நீரும் சில சமயம் காற்றும் வரும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி கக்கும் நஞ்சின் வேலை. அந்த நஞ்சு மடியோடு நிற்பதில்லை. ஆடு தீனி எடுக்காது, படுத்தால் எழாது, ஓரிரு நாளில் போய்விடவும் கூடும். பிழைத்தால் கறுத்த பாகம் வாரக்கணக்கில் அழுகி உதிரும். அந்தப் பக்கம் இனி ஒருபோதும் சுரக்காது. இங்கே கைவைத்தியத்துக்கு இடமே இல்லை. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். அது வருவதற்குள் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும்.

கிருமி எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் பட்டித் தரையைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். புழுக்கையும் மூத்திரமும் மழைநீரும் சேர்ந்த சேற்றில் படுத்தெழும் ஆட்டின் மடியில் காம்புத் துளை ஒவ்வொரு முறையும் அந்தச் சேற்றைத் தொடுகிறது. பால் குடித்து முடித்த பிறகு அந்தத் துளை முழுதாக மூடிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரமாகும். அதனால்தான் கறப்பவர்கள், கறந்ததும் தீனி போட்டு ஆட்டை நிற்க வைக்கச் சொல்கிறார்கள். பரண் போட முடிந்தவர்களுக்குக் கவலையில்லை. முடியாதவர்கள் ஈன்ற ஆட்டுக்காவது ஒரு மேட்டு மூலையை ஒதுக்கி, காய்ந்த கடலைக்கொடியோ சருகோ பரப்பலாம்.

இன்னொரு வழி காம்புக் காயம். பாலாற்றுப் படுகையிலும் ஏரிக்கரையிலும் வேலிக்காத்தான் புதருக்குள் நுழைந்து காய் பொறுக்கும் ஆட்டுக்கு, முழங்காலுக்குக் கீழே தொங்கும் மடி இருந்தால் கீறல் தப்பாது. தொங்கு மடியும், புட்டி போல ஊதிய காம்பும் வம்ச வழியில் வருபவை. ஊதிய காம்பைப் பிறந்த குட்டியின் வாயால் கவ்வவே முடியாது. மடி நிறையப் பால் இருந்தும் குட்டி பட்டினி கிடக்கும். முதல் சில நாள் கையால் பீச்சிக் காம்பைத் தளர்த்திக் கொடுத்தால் பழகிக்கொள்ளும். இரண்டுக்கு மேல் காம்பு, நுனி பிளந்து இரட்டையாய் நிற்கும் காம்பு, துளையே இல்லாத குருட்டுக் காம்பு, இவையும் அப்படியே. துளையில்லாத காம்பில் தொங்கிக்கொண்டு வாலாட்டும் குட்டியைப் பார்த்து, அது பால் குடிக்கிறது என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். இதில் பொலிகிடாவை யாரும் நினைப்பதில்லை. கிடாவுக்கும் இரண்டு காம்பு உண்டு. உயரத்தையும் காதின் நீளத்தையும் பார்த்துக் கிடா வாங்குபவர்கள் கீழே குனிந்து அதன் காம்பை எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் கோளாறு நாளைக்கு மகள்களின் மடியில் வந்து நிற்கும்.

குட்டியின் வாய் தாயின் காம்பைக் கெடுப்பதும் உண்டு. குட்டிகளின் உதட்டோரம் பொருக்குப் பொருக்காகக் கட்டும் வாய்ப்புண், மருத்துவர்கள் ஆர்ஃப் என்பது, ஒரு வைரஸால் வருவது. குட்டி ஊட்டும்போது அது காம்பில் ஏறும். காம்பில் கொப்புளம், பிறகு பொருக்கு, வலி. தாய் உதைக்கும். பால் தேங்கும். பொருக்கின் அடியில் வேறு கிருமி புகும். மடி வீங்கும். குட்டி பசி தாங்காமல் பக்கத்து ஆட்டில் போய்த் திருட்டுப்பால் குடிக்கும்; அங்கேயும் ஒரு காம்பு புண்ணாகும். ஒரு குட்டியின் உதட்டில் தொடங்கியது பட்டி முழுக்கப் பரவ இதுதான் வழி. தானாக மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும் நோய்தான் என்றாலும், இடையில் மடி போகாமல் காப்பதில்தான் சாமர்த்தியம். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. அது மனிதர் கையிலும் ஒட்டும். உதிர்ந்த பொருக்கு காய்ந்த தரையில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

காம்பில் காயத்தையும் காலையில் வற்றிய மடியையும் பார்த்துவிட்டு, சாரைப்பாம்பு வந்து பால் குடித்துவிட்டது என்று சொல்வது நம் பக்கத்தில் இன்றும் உண்டு. என் தாத்தாவும் சொன்னார். பாம்புக்கு உறிஞ்சும் உதடு கிடையாது. பின்னோக்கி வளைந்த பல் வரிசைதான். அது காம்பைக் கவ்வினால் எந்த ஆடும் சும்மா நிற்காது. இரவில் பாலை முடித்தது பெரும்பாலும் கூடைக்குள்ளிருந்து தப்பிய ஒரு குட்டி. காயம், முள்ளோ குட்டியின் பல்லோ. பாவம், அடி வாங்குவது எலி தின்னும் சாரை.

வைத்தியம் பற்றி. தஞ்சாவூரில் பணியாற்றிய கால்நடைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறை, தேசிய பால்வள வாரியம் வரை போய்ச் சேர்ந்தது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செக்கச்செவேலென்று வரும் விழுது. அதைத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கப் பீச்சி எடுத்த மடியில் நாளுக்கு எட்டுப் பத்து முறை பூசுவது. மாட்டு மடிக்குச் சொன்ன அளவு. ஆட்டு மடிக்குக் கொஞ்சம் போதும். ஆரம்ப வீக்கத்துக்கு இதைப் பூசி நல்ல பலன் கண்டவர்களை அறிவேன். ஆனால் புண்ணான தோலில் சுண்ணாம்பு எரியும். மடி சில்லிட்ட பிறகு இதைப் பூசிக்கொண்டிருப்பது ஆட்டைச் சாகவிடுவது. இதை மருத்துவர் வரும்வரை செய்யும் வேலையாக வைத்துக்கொள்ளலாம், மருத்துவருக்குப் பதிலாக அல்ல.

காம்புத் துளை வழியாக மருந்து ஏற்றும் மடி ட்யூப் கடையில் கிடைக்கும்; அது மாட்டுக்காகச் செய்தது. ஆட்டுக் காம்பின் துளை சிறியது. முனையை லேசாக நுழைத்தாலே போதும், முழுக்கக் குத்தினால் உள் தோல் கிழியும். ஒரு ட்யூபைப் பாதிப் பாதியாக இரண்டு காம்புக்கும் ஏற்றுவது மிகப் பெரிய தப்பு. கெட்ட பக்கத்துக் கிருமியை நல்ல பக்கத்துக்கு நாமே கொண்டுபோகிறோம். வீக்கம் வடிந்ததும் மூன்றாம் நாளே மருந்தை நிறுத்துவது அதற்கடுத்த தப்பு. மருந்து ஏறிய பால் டீக்கும் வேண்டாம், குழந்தைக்கும் வேண்டாம். எத்தனை நாள் என்பதை அட்டைப்பெட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது மாட்டுக் கணக்கு, எழுதிக்கொடுத்தவரைக் கேளுங்கள். பீச்சிய சீழ்ப்பாலைத் தரையில் விட்டால் அடுத்த ஆடு அதிலேயே வந்து படுக்கும். சாம்பல் போட்ட சட்டியில் பிடித்து, தள்ளிப் புதையுங்கள்.

காம்பு வெடிப்புக்கு வேப்பெண்ணெய் நல்லதுதான். ஆனால் குட்டி ஊட்டி முடித்த பிறகு தடவுங்கள். பால் மறக்கடிக்க நம் வீடுகளில் தடவுவதும் அதே கசப்புதான் அல்லவா? சில இடங்களில் பால் மறக்கடிக்கக் காம்பில் சாணியைப் பூசுகிறார்கள். அதைவிடச் சுலபமாகக் கிருமியைக் காம்புக்குள் அனுப்ப வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

குட்டி விற்கும் நாளும் ஆபத்தான நாள்தான். பக்ரீத்துக்கோ பொங்கலுக்கோ முன்னால் ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மூன்று மாதக் குட்டிகள் இரண்டும் ஒரே நாளில் போய்விடும். அன்று சாயங்காலம் தாயின் மடி வெடிக்கிற மாதிரி இருக்கும். குட்டியைக் காணாமல் கத்துகிறது என்று நாம் பரிதாபப்படுகிறோம். மடி கனத்தும் கத்துகிறது. விற்பதற்கு ஒரு வாரம் முன்பே இரவில் குட்டிகளைப் பிரித்து, தாயின் அடர்தீவனத்தைக் குறைத்தால் சுரப்பு தானே இறங்கும். அதன் பிறகு தேங்கும் பாலைத் தினம் பீச்சினால், வற்ற வேண்டிய மடி மறுபடி சுரக்கும். பீச்சாமல் விடலாம், தொட்டுப் பார்க்காமல் விடக்கூடாது; ஒரு பக்கம் மட்டும் சுட்டால் உடனே கவனிக்க வேண்டும். ஒற்றைக் குட்டி போட்ட ஆட்டிலும் இதே சிக்கல் சின்ன அளவில் நடக்கிறது. குட்டி தனக்குப் பிடித்த ஒரு காம்பிலேயே ஊட்டும். மறுபக்கம் தேங்கி, கோணல் மடியாகி, பிறகு வற்றும். முதல் வாரத்தில் இருவேளை அந்தப் பக்கத்தைப் பீச்சிவிட்டால், குட்டி வளர்ந்து இரண்டையும் கேட்கும் நாளில் இரண்டும் இருக்கும்.

தாயாடு வாங்கும்போது பல் பார்க்கிறோம், இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறோம். மடியை வெறுமையாக்கி அழுத்திப் பார்க்கக் கேட்டால் விற்பவர் முகம் சுளிப்பார். நிறைந்த மடியில் கட்டி தெரியாது. பீச்சிய பிறகுதான் உள்ளே நெல்லிக்காய் அளவு முடிச்சு கையில் தட்டும். பீச்ச விடாத ஆட்டை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும், நான் வாங்க மாட்டேன்.

சின்னம்மா வீட்டு ஆட்டுக்கு மருத்துவர் வந்து ஐந்து நாள் ஊசி போட்டார். மீந்த குட்டியின் வாய்க்குள் விரல் விட்டபோது சில்லென்று இருந்தது. அப்படி இருக்கும் குட்டிக்கு உடனே பால் புகட்டினால் செரிக்காது; முதலில் அடுப்போரம் சாக்கில் சுற்றி வைத்து, வாய் சூடேறிய பிறகு வெதுவெதுப்பான பசும்பால், கொஞ்சம் கொஞ்சமாக, நின்ற நிலையில். பிழைத்துக்கொண்டது. தாயின் வலப்பக்க மடி வற்றிச் சுருங்கிப்போனது. விற்றுவிடச் சொன்னார்கள், சின்னம்மா கேட்கவில்லை. ஒரு பக்கம் போனால் மறுபக்கம் அடுத்த ஈற்றில் கொஞ்சம் கூடுதலாகவே சுரக்கும், ஒரு குட்டிக்குத் தாராளம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

ஆவணியில் அது ஒற்றைக் குட்டி போட்டது. ஈரம் காயும் முன்பே எழுந்து நின்ற குட்டி, தடுமாறிப் போய் முதலில் பிடித்தது அந்த வற்றிய வலக்காம்பைத்தான். சின்னம்மா அதன் கழுத்தைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார்.

"அங்க ஒண்ணும் இல்லடா, இப்டி வா."